வேலை கடல் தாண்டும், கையெழுத்து தாண்டாது

தொழில்முறைச் சேவை என்பது படிப்பையும் உரிமத்தையும் நம்பி விலை பேசப்படும் வேலை. வழக்கறிஞர், ஊரில் ஆடிட்டர் என்றே அழைக்கப்படும் பட்டயக் கணக்காளர், கட்டடக் கலைஞர், பொறியியல் ஆலோசகர் ஆகியோர் தனியாகவோ கூட்டாகவோ நடத்தும் நிறுவனங்கள் இந்த வகைக்குள் வரும். இவை அயல்நாட்டுக்குப் போகும்போது சுங்கத்துறை குறுக்கே நிற்பதில்லை. இறக்குமதி வரியும் கிடையாது. குறுக்கே நிற்பவை விதிகள். யார் கையெழுத்துப் போடலாம், நிறுவனம் யாருக்குச் சொந்தமாக இருக்கலாம், ஊழியர் எத்தனை நாள் தங்கலாம், வாடிக்கையாளரின் தரவுகள் எந்த மண்ணில் இருக்க வேண்டும், வருமானத்துக்கு எந்த நாடு வரி கேட்கலாம் என்பவற்றை அவை முடிவு செய்கின்றன.

சரக்கோடு ஒப்பிட்டால் வேறுபாடு துலங்கும். தென்காசி மாவட்டத்துப் புளியங்குடி எலுமிச்சைக்குப் பேர் போன ஊர். 2025இல் அந்த எலுமிச்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அங்கிருந்து மூட்டை மூட்டையாகப் பழம் கேரளத்துக்குப் போகிறது. அதே பழம் கடல் தாண்ட வேண்டுமானால் பூச்சியும் நோயும் இல்லை என்ற தாவர நலச் சான்று வேண்டும். பூச்சிமருந்து எச்சத்துக்கான சோதனையும் தேவைப்படலாம். சோதனை பழத்தின் மேல் நடக்கிறது. பழம் தேறிவிட்டால், அதை வளர்த்தவர் எங்கே படித்தார் என்று யாரும் கேட்பதில்லை. அதே ஊரில் அலுவலகம் வைத்திருக்கும் ஆடிட்டர் சரிபார்த்த பேலன்ஸ் ஷீட்டை அப்படி அறுத்துப் பார்க்க வழியில்லை. தணிக்கை ஒழுங்காக நடந்ததா என்பது சில சமயம் நிறுவனம் கவிழ்ந்த பிறகுதான் தெரியவரும். அதனால் அரசுகள் சேவையைச் சோதிப்பதை விட்டுச் சேவை செய்பவரைச் சோதிக்கின்றன. பட்டம், தேர்வு, பயிற்சிக் காலம், பதிவு, நன்னடத்தை எல்லாம் அவர் மேல் கேட்கப்படும் கேள்விகள். வாடிக்கையாளரைக் காக்கப் பிறந்த ஏற்பாடு இது. வெளியாரைத் தள்ளிவைக்கும் வேலியாகவும் இதே ஏற்பாடு பயன்பட்டுவிடுகிறது. காப்பு எங்கே முடிந்து வேலி எங்கே தொடங்குகிறது என்பதுதான் இந்தத் துறையில் ஓயாத வழக்கு.

உலக அளவில் இதற்கென்று உள்ள அடிப்படை உடன்படிக்கை, காட்ஸ் என்று சுருக்கமாக வழங்கும் சேவை வணிகப் பொது ஒப்பந்தம். உலக வணிக அமைப்போடு சேர்ந்து 1995 ஜனவரி 1 அன்று அது நடைமுறைக்கு வந்தது. ஒரு சேவை எல்லை கடக்க நான்கு வழிகள் உண்டு என்று அது வகுத்தது. திருநெல்வேலியில் வரைந்த கட்டட வரைபடம் இணையம் வழியாகத் துபாய்க்குப் போகலாம். வாடிக்கையாளரே இங்கு வந்து வேலையைச் செய்துகொண்டு திரும்பலாம். நிறுவனம் சிங்கப்பூரில் கிளை திறக்கலாம். பொறியாளர் விசாவில் அங்கே சென்று தங்கி வேலை பார்க்கலாம். தொழில்முறை நிறுவனம் ஒன்றுக்கு இந்த நான்கும் ஒன்றோடொன்று பின்னியவை. கிளை திறக்க அனுமதி கிடைத்து, கிளையை நடத்தும் ஆளுக்கு விசா கிடைக்காவிட்டால் அந்த அனுமதியால் பெரிய பயனில்லை. நாடுகள் தந்த வாக்குறுதிகளோ ஒவ்வொரு வழிக்கும் வேறு வேறு. கிளைக்குக் கதவை ஓரளவு திறந்த நாடுகளும் ஆள் நடமாட்டத்துக்கு அதை மிகக் குறுக்கியே வைத்தன. இந்தியா போன்ற நாடுகளின் பலம் ஆட்களில் இருப்பதால், இந்தக் குறுகல் அவற்றை அதிகம் தாக்கியது.

காட்ஸின் 6ஆம் பிரிவு உள்நாட்டு ஒழுங்குமுறை நியாயமாக இருக்க வேண்டும் என்கிறது. 7ஆம் பிரிவு, ஒரு நாட்டின் தகுதியை இன்னொரு நாடு ஏற்றுக்கொள்ள இடம் தருகிறது. ஏற்றே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. கணக்கியல் துறைக்கென 1998 டிசம்பரில் உறுப்பு நாடுகள் தனி ஒழுங்கு விதிகளை வகுத்தன. தொழில்முறைச் சேவைகளில் இவ்வளவு தூரம் போன முதல் முயற்சி அது. ஆனாலும் பேச்சுவார்த்தைச் சுற்று முடியாமல் இழுத்ததால் அந்த விதிகள் ஒப்பந்தத்தின் உடலுக்குள் சேரவில்லை.

தகுதி ஏற்பு என்ற இந்த இடத்தில்தான் தமிழ்நாட்டுக்காரர்கள் பட்ட அடி பெரிது. தென்காசி, கடையநல்லூர் வட்டாரத்திலிருந்து சிங்கப்பூருக்குப் போனவர்களின் வரலாறு இரண்டாம் உலகப் போருக்கும் முந்தியது. சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்ற அமைப்பு போருக்குப் பின் அங்கே உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளியை நடத்தியது. வணிகத்தையும் உடல் உழைப்பையும் நம்பிப் போன அந்தத் தலைமுறையிடம் பட்டச் சான்று கேட்டவர் இல்லை. பின்னர் பொறியியல் பட்டத்தோடு வளைகுடாவுக்குப் போன தலைமுறைக்கு எல்லாமே சான்றிதழ்தான்.

குவைத்தில் நடந்தது இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. 2018 மார்ச்சில் அந்நாட்டு மனிதவளத் துறை ஒரு விதியைக் கொண்டுவந்தது. பொறியாளர் என்ற பதவிப் பெயரில் இருக்கும் வெளிநாட்டவர் அகாமா எனப்படும் குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்க, குவைத் பொறியாளர் சங்கத்திடம் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும் என்பது அந்த விதி. இந்தியப் பட்டங்களை எடைபோட அந்தச் சங்கம் எடுத்துக்கொண்ட அளவுகோல் என்.பி.ஏ. எனப்படும் தேசிய அங்கீகார வாரியத்தின் அங்கீகாரம். இந்தியாவில் ஒரு பொறியியல் கல்லூரி சட்டப்படி நடக்க ஏ.ஐ.சி.டி.இ. ஒப்புதல் போதும். என்.பி.ஏ. அங்கீகாரம் விருப்பத்தின் பேரில் பெறுவது. அதுவும் கல்லூரிக்கு மொத்தமாக அல்ல, ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் தனித்தனியாக. அந்த வாரியமே 1994இல்தான் அமைந்தது. அதற்கு முன் பட்டம் பெற்று இருபத்தைந்து ஆண்டுகள் குவைத்தில் பாலமும் எண்ணெய்க் குழாயும் போட்டவர், ஒரே நாளில் பொறியாளர் அல்லாதவர் ஆனார். ஆயிரக்கணக்கான இந்தியர்கள் இதில் சிக்கினார்கள். இந்தியத் தூதரகம் பேச்சு நடத்தியது. வேறு பதவிப் பெயருக்கு மாறி அகாமாவைக் காப்பாற்றிக்கொண்டவர்களும் உண்டு.

இதைத் தனி மனிதரின் துயரமாக மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். பொறியியல் ஆலோசனை நிறுவனம் எந்த வகை வேலையை எடுக்கலாம் என்பது, அதில் பதிவுபெற்ற பொறியாளர் எத்தனை பேர் என்பதைப் பொறுத்தே பல நாடுகளில் முடிவாகிறது. ஊழியரின் பட்டம் செல்லாது என்றால் நிறுவனத்தின் தரமும் சேர்ந்து இறங்குகிறது. இந்தியா 2014 ஜூனில் வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்பினரானது. பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று சமமாக ஏற்கும் ஏற்பாடு அது. ஆனால் அதன் பயன் என்.பி.ஏ. முதல் அடுக்கு அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவுகளுக்கு மட்டும்; அந்த அடுக்குக்குத் தன்னாட்சிக் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களுமே வர முடியும். பல்கலைக்கழகத்தோடு இணைந்த சாதாரணக் கல்லூரியின் பட்டம் அதற்கு வெளியே நிற்கிறது. மாவட்டத் தலைநகரங்களைச் சுற்றிலும் எழுந்த கல்லூரிகளில் மிகப் பல அந்த வகை. சேர்க்கை நேரத்தில் கல்லூரியின் கட்டடத்தையும் பேருந்தையும் பார்க்கும் பெற்றோரிடம் இந்த ஒரு வரியை யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

பட்டம் செல்லும் என்றாலும் தாளை மெய்ப்பிக்கும் வேலை மிச்சம் இருக்கிறது. இந்தியா 2005இல் அபோஸ்டில் உடன்படிக்கையில் சேர்ந்ததால், அதில் உள்ள நாடுகளுக்கு வெளியுறவு அமைச்சகத்தின் ஒரே முத்திரை போதும். குவைத்தும் ஐக்கிய அரபு அமீரகமும் அந்த ஏற்பாட்டில் இல்லை. அங்கே போகும் சான்றிதழ் மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், அந்நாட்டுத் தூதரகம் என்று படி ஏற வேண்டும். அட்டஸ்டேஷன் என்ற சொல் தென் மாவட்டங்களில் டிராவல்ஸ் கடைப் பலகைகளில் இடம்பிடித்தது இப்படித்தான்.

சிங்கப்பூரோடு இந்தியா 2005இல் செய்த விரிவான பொருளாதார ஒத்துழைப்பு ஒப்பந்தம் தகுதி ஏற்பைப் பெரிதாகப் பேசியது. கணக்கியல், கட்டடக் கலை, மருத்துவம், பல் மருத்துவம், செவிலியம் ஆகிய துறைகளில் இரு நாட்டுத் தொழில் அமைப்புகளும் ஓராண்டுக்குள் தகுதி ஏற்பு உடன்பாட்டை முடிக்க வேண்டும் என்று எழுதப்பட்டது. செவிலியர்களுக்கான முதல் உடன்பாடு கையெழுத்தாகவே 2018 ஆனது. அரசுகள் வாக்குத் தருகின்றன. நிறைவேற்ற வேண்டியவை தொழில் அமைப்புகள். தம் உறுப்பினர்களின் பிழைப்பைக் காப்பதே அவற்றின் முதல் கவலை. உடன்படிக்கைகளில் தகுதி ஏற்பு அத்தியாயம் எழுத்திலேயே நின்றுவிடுவதற்கு இதுவே பெரிய காரணம். பட்டயக் கணக்காளர் கழகம் மட்டும் இதில் விடாமுயற்சி காட்டியது. இங்கிலாந்து, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளின் கணக்காளர் அமைப்புகளோடு அது செய்த உடன்பாடுகளால் இந்திய சி.ஏ.க்குச் சில தாள்களில் விலக்கு கிடைக்கிறது. அமெரிக்காவில் அந்த வழி இல்லை. சி.பி.ஏ. தேர்வை முழுமையாக எழுத வேண்டும். உரிமத்தையும் ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாகத் தருகிறது.

தகுதி ஏற்பைவிடக் கூர்மையான கேள்வி தொழில் நடத்தும் உரிமை. இதில் இந்தியா பெரும்பாலும் கதவைச் சாத்திய பக்கம் நின்றது. வழக்கறிஞர் தொழில் பற்றிய சர்ச்சை பம்பாயிலிருந்து சென்னைக்கு வந்தது. 1990களில் ரிசர்வ் வங்கியின் அனுமதியோடு மூன்று வெளிநாட்டு வழக்கறிஞர் நிறுவனங்கள் இந்தியாவில் தொடர்பு அலுவலகம் திறந்தன. 2009 டிசம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்த அனுமதிகள் செல்லாது என்றது. நீதிமன்றத்தில் வாதாடுவதோடு அறையில் உட்கார்ந்து ஆலோசனை சொல்வதும் ஒப்பந்தம் எழுதுவதும் வழக்கறிஞர் தொழிலே என்று அது தீர்ப்பளித்தது. 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர் சட்டப்படி அந்தத் தொழில், மாநில பார் கவுன்சிலில் பதிவு செய்தவருக்கு மட்டும் உரியது.

2010இல் ஏ.கே. பாலாஜி என்ற வழக்கறிஞர் சென்னை உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்தார். எதிர்மனுதாரர்களில் 31 வெளிநாட்டுச் சட்ட நிறுவனங்களும், சட்டப் பணிகளை வெளியிலிருந்து எடுத்துச் செய்யும் நிறுவனம் ஒன்றும் இருந்தன. 2012 பிப்ரவரி 21 அன்று தலைமை நீதிபதி எம்.ஒய். இக்பால், நீதிபதி டி.எஸ். சிவஞானம் அமர்வு நடுவழி ஒன்றைக் காட்டியது. வெளிநாட்டு வழக்கறிஞர் இந்தியாவில் தொழில் நடத்தக் கூடாது. ஆனால் தற்காலிகமாக வந்து தம் நாட்டுச் சட்டம் பற்றி வாடிக்கையாளருக்கு ஆலோசனை சொல்லிவிட்டுத் திரும்பத் தடையில்லை. பன்னாட்டு நடுவர் மன்ற விசாரணைக்கும் வரலாம். பறந்து வந்து பறந்து போகும் இந்த உரிமையை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 13 அன்று இன்னும் இறுக்கியது. எப்போதாவது வருவதுதான் அந்த உரிமை. அடிக்கடி வந்தால் அது தொழில் நடத்துவதாகிவிடும். எது அடிக்கடி என்பது அந்தந்த வழக்கின் உண்மைகளைப் பொறுத்தது என்றது. எண் சொல்லாத விதியை வைத்துக்கொண்டு எந்த நிறுவனமும் திட்டம் போட முடியாது. விதி கடுமையாக இருப்பதைவிடத் தெளிவில்லாமல் இருப்பது நிறுவனங்களுக்கு அதிகக் கேடு என்பதற்கு அந்தத் தீர்ப்புக்குப் பின் வந்த ஐந்தாண்டுகளே சாட்சி.

2023 மார்ச்சில் இந்திய பார் கவுன்சில் தானே விதிகளை வெளியிட்டது. வெளிநாட்டு வழக்கறிஞர்களும் நிறுவனங்களும் பதிவு செய்துகொண்டு, நீதிமன்றம் சாராத வேலைகளில் தம் நாட்டுச் சட்டத்தையும் பன்னாட்டுச் சட்டத்தையும் பற்றி ஆலோசனை தரலாம். பறந்து வந்து போவோருக்கு 12 மாதங்களில் 60 நாள் என்ற எண்ணும் வந்தது. நிறுவனத்துக்கான பதிவுக் கட்டணம் 50,000 டாலர். 2025 மே மாதம் திருத்தப்பட்ட விதிகளும் பரிமாற்றத்தை அச்சாணியாகக் கொண்டவை. அதாவது, இந்திய வழக்கறிஞருக்கு உன் நாடு எவ்வளவு இடம் தருகிறதோ அவ்வளவு இடம் இங்கே உனக்கு. கேட்க நியாயமாகவே இருக்கிறது. ஆனால் இங்கிலாந்து, நீதிமன்ற வேலை உள்ளிட்ட சில குறிப்பிட்ட பணிகளை மட்டும் தன் வழக்கறிஞர்களுக்கு ஒதுக்கி, மற்ற ஆலோசனைகளை ஏறத்தாழ எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கும் நாடு. லண்டனில் இந்தியச் சட்டம் பற்றி ஆலோசனை சொல்ல இந்திய வழக்கறிஞருக்கு இடையூறு அதிகம் இல்லை. இவ்வளவு இருந்தும் 2025 ஜூலை 24 அன்று கையெழுத்தான இந்திய–பிரிட்டன் வணிக ஒப்பந்தம் சட்டச் சேவையைத் தொடவில்லை.

இந்த அச்சம் இந்தியாவுக்கு மட்டும் உரியதல்ல. இலங்கையில் 2016 முதல் இந்தியாவோடு பேசப்பட்ட எட்கா என்னும் பொருளாதார, தொழில்நுட்ப ஒத்துழைப்பு ஒப்பந்தத்தை அங்குள்ள மருத்துவர், பொறியாளர் சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன. இந்திய நிறுவனங்களும் ஆட்களும் குவிந்து தங்கள் வேலை போய்விடும் என்பது அவர்கள் வாதம். சென்னையில் லண்டன் நிறுவனத்தைப் பற்றிச் சொல்லப்பட்ட அதே வாதம் கொழும்பில் சென்னை நிறுவனத்தைப் பற்றிச் சொல்லப்பட்டது.

உரிமம் கிடைத்த பிறகு நிறுவனத்தின் உருவம் பற்றிய கேள்வி வருகிறது. தணிக்கை நிறுவனத்தின் உடைமை உள்ளூரில் உரிமம் பெற்றவர்கள் கையில் இருக்க வேண்டும் என்று பல நாடுகள் விதிக்கின்றன. உலகின் நான்கு பெரிய கணக்கியல் பெயர்கள் ஒரே கம்பெனியாக இல்லாமல், நாட்டுக்கு நாடு தனித்தனிக் கூட்டு நிறுவனங்களின் வலையமைப்பாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இந்தியாவில் எர்ன்ஸ்ட் அண்ட் யங் வலையமைப்பின் தணிக்கை எஸ்.ஆர். பட்லிபாய் என்ற பெயரிலும், கே.பி.எம்.ஜி.யின் தணிக்கை பி.எஸ்.ஆர். என்ற பெயரிலும் நடப்பது அதன் விளைவு. விதி ஒரு தொழிலின் உடலமைப்பையே செதுக்கிவிட்டது.

இந்திய நிறுவனங்கள் இதே அளவுக்கு வளராமல் போனதற்கு அயல்நாட்டு வேலிகளை மட்டும் குறை சொல்வது நேர்மையாகாது. வீட்டுக்குள்ளேயே கட்டுகள் இருந்தன. 1956ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டம் கூட்டு நிறுவனத்தில் 20 பங்காளிகளுக்கு மேல் இருக்க விடவில்லை. 2008இன் வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மைச் சட்டமும், தொழில்முறையாளருக்கு விலக்குத் தந்த 2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டமும் வந்த பிறகுதான் அந்தக் கட்டு தளர்ந்தது. வழக்கறிஞரும் சி.ஏ.யும் விளம்பரம் செய்யக் கூடாது என்ற தடை தொடர்ந்தது. வழக்கறிஞர் தம் விவரங்களை இணையதளத்தில் போடவே 2008இல்தான் அளவான அனுமதி கிடைத்தது. வழக்கறிஞர், கணக்காளர், பொறியாளர் ஒரே நிறுவனத்தில் பங்காளிகளாக இணைவதற்கும் தடைகள் இருந்தன. வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒரே இடத்தில் எல்லா ஆலோசனையும் எதிர்பார்க்கும்போது, பெயரைச் சொல்லவும் கூடாது, துணை சேர்க்கவும் கூடாது என்று கையைக் கட்டிவிட்டுப் போட்டிக்கு அனுப்பியது போலத்தான் இது. 2025 செப்டம்பரில் கம்பெனி விவகார அமைச்சகம் பல்துறைக் கூட்டு நிறுவனங்கள் குறித்துக் கருத்துக் கேட்டது மிகத் தாமதமாக வந்த நல்ல அடையாளம்.

வளைகுடாவில் உருவக் கேள்விக்கு வேறு முகம். அமீரகத்தில் உள்நாட்டவருக்கு 51 சதவீதப் பங்கு என்ற பழைய விதி 2021இல் பெருமளவு விலகியது. சவுதி அரேபியாவோ 2024 ஜனவரி 1 முதல், வட்டாரத் தலைமையகத்தைத் தன் நாட்டில் வைக்காத பன்னாட்டு நிறுவனங்களோடு அரசுத் துறைகள் ஒப்பந்தம் செய்வதைக் கட்டுப்படுத்தியது. ஆலோசனை நிறுவனங்களுக்கு அங்கே மிகப் பெரிய வாடிக்கையாளர் அரசுதான். துபாயில் இருந்துகொண்டே ரியாத்துக்கு வேலை செய்த பழைய கணக்கு அதோடு மாறிப்போனது.

தணிக்கையில் ஒரு நாட்டின் விதி கடல் கடந்தும் கை நீட்டும். அமெரிக்காவில் 2002இல் வந்த சார்பேன்ஸ்–ஆக்ஸ்லி சட்டப்படி, அமெரிக்கப் பங்குச் சந்தையில் உள்ள நிறுவனத்தைத் தணிக்கை செய்யும் அயல்நாட்டுத் தணிக்கையாளரும் அங்குள்ள கண்காணிப்பு வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். ஹைதராபாத்தின் சத்யம் நிறுவனக் கணக்கு மோசடி 2009 ஜனவரி 7 அன்று வெளிப்பட்டது. சத்யத்தின் தணிக்கை தொடர்பாக 2011 ஏப்ரலில் பிரைஸ் வாட்டர்ஹவுஸ் இந்தியக் கூட்டு நிறுவனங்கள் அமெரிக்கப் பங்குப் பரிவர்த்தனை ஆணையத்துக்கு 60 லட்சம் டாலரும் கண்காணிப்பு வாரியத்துக்கு 15 லட்சம் டாலரும் செலுத்த ஒப்புக்கொண்டன. தணிக்கை நடந்தது இந்தியாவில். தண்டம் விதித்தது வாஷிங்டன். இங்கே வெளிநாட்டு விதி ஏற்றுமதிக்குத் தடையாக வரவில்லை. உள்ளூரில் தளர்ந்திருந்த ஒழுங்கை வெளியிலிருந்து இறுக்கிய விசையாக வந்தது. கட்டுப்பாடு என்றாலே கேடு என்று பேசுவோர் சத்யத்தில் பணம் போட்டு இழந்தவர்களை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஆட்களை அனுப்புவதற்கான விதிகள் எல்லோருக்கும் தெரிந்தவை; ஆனால் அவற்றில் செலவுக் கணக்கு ஒன்று ஒளிந்திருக்கிறது. அமெரிக்க எச்–1பி விசாவுக்கு ஆண்டு வரம்பு 65,000; அமெரிக்காவில் மேற்படிப்பு முடித்தவர்களுக்கு மேலும் 20,000. 2025 செப்டம்பரில் புதிய மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் அறிவிக்கப்பட்டது. சிறிய ஆலோசனை நிறுவனம் ஒன்றுக்கு அது கதவடைப்புக்குச் சமம். சிங்கப்பூரில் 2023 செப்டம்பர் முதல் வேலை அனுமதி மதிப்பெண் முறையில் தரப்படுகிறது. நிறுவனத்தின் உயர்நிலை ஊழியர்களில் கால் பங்கோ அதற்கு மேலோ ஒரே நாட்டவராக இருந்தால், அந்த நாட்டிலிருந்து வரும் அடுத்தவருக்கு அந்தப் பிரிவில் மதிப்பெண் கிடையாது. ஊர்க்காரர் ஊர்க்காரரை அழைத்துக்கொண்ட பழைய வழி அங்கே அடைபடுகிறது. சமூகப் பாதுகாப்புச் சந்தா இன்னொரு சுமை. அமெரிக்காவில் ஊழியர் பங்கும் நிறுவனப் பங்கும் சேர்ந்து சம்பளத்தில் ஏறத்தாழ 15 சதவீதம் போகிறது. பலன் பெறப் பொதுவாகப் பத்தாண்டு கட்ட வேண்டும். இரண்டு மூன்று ஆண்டில் ஊர் திரும்புபவர் கட்டிய பணம் அங்கேயே நின்றுவிடும். ஜெர்மனி, பிரான்ஸ், ஜப்பான் போன்ற நாடுகளோடு இதைத் தவிர்க்கும் உடன்பாடு இந்தியாவுக்கு உண்டு, அமெரிக்காவோடு இல்லை. பிரிட்டனோடு மூன்றாண்டு வரை விலக்குத் தரும் ஏற்பாடு 2025 ஒப்பந்தப் பேச்சில் உடன்பாடானது.

வரி விதிகள் நிறுவனத்தின் வடிவத்தைச் சத்தமில்லாமல் தீர்மானிக்கின்றன. இந்தியாவில் உட்கார்ந்து ஆஸ்திரேலிய வாடிக்கையாளருக்கு இந்திய நிறுவனம் செய்த தொழில்நுட்ப வேலைக்கான கட்டணத்தை, இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தத்தின் சொற்களை வைத்து ராயல்டியாகக் கருதி அந்நாடு வரி விதித்துவந்தது. நீதிமன்றத்துக்குப் போன இந்திய நிறுவனங்கள் தோற்றன. 2022 டிசம்பர் 29 அன்று இரு நாட்டு வணிக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோதுதான் ஆஸ்திரேலியா தன் சட்டத்தைத் திருத்தி அந்த வரியைக் கைவிட்டது. வழக்கில் கிடைக்காதது பேச்சுவார்த்தையில் கிடைத்தது.

உள்நாட்டில் ஜி.எஸ்.டி.யும் ஒரு நுட்பமான விதியை வைத்திருக்கிறது. சேவை ஏற்றுமதிக்கு வரி இல்லை. ஆனால் அது ஏற்றுமதி என்று ஏற்கப்பட ஐந்து நிபந்தனைகள் உண்டு. கொடுப்பவரும் பெறுபவரும் ஒரே நிறுவனத்தின் இரு கிளைகளாக இருக்கக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. சென்னை நிறுவனம் துபாயில் கிளை திறந்து அந்தக் கிளைக்கு வேலை செய்து கொடுத்தால் அது ஏற்றுமதி ஆகாது. துபாயில் தனிக் கம்பெனி அமைத்து அதற்குச் செய்தால் ஆகும். அது வெறும் கிளை அல்ல, தனி நிறுவனமே என்று 2021 செப்டம்பர் சுற்றறிக்கை ஒன்று தெளிவுபடுத்தியது. அந்தக் கம்பெனியில் போடும் முதலீட்டுக்கு 2022 ஆகஸ்டில் வந்த வெளிநாட்டு முதலீட்டு விதிகள் பொருந்தும். பதிவுபெற்ற கூட்டு நிறுவனமும் அதன்படி முதலீடு செய்யலாம் என்பது சிறிய ஆடிட்டர் அலுவலகங்களுக்கு முக்கியமான செய்தி.

தரவு விதிகள் இந்த வரிசையில் கடைசியாக வந்தவை; வேகமாக வளர்பவையும் அவையே. 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஐரோப்பியரின் தனித்தகவல் போதிய பாதுகாப்பு இல்லாத நாட்டுக்குப் போகத் தடை வைக்கிறது. மீறினால் உலக வருவாயில் 4 சதவீதம் வரை அபராதம். போதிய பாதுகாப்பு உள்ள நாடு என்று இந்தியாவை ஐரோப்பிய ஒன்றியம் அறிவிக்கவில்லை. ஆகவே ஒரு ஜெர்மன் ஊழியரின் சம்பளக் கணக்கை இங்கே போடுவதற்குக்கூடத் தனி ஒப்பந்த விதிகள் எழுத வேண்டியிருக்கிறது. குற்றாலத்துக்கு அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் நடத்தும் ஜோஹோ மென்பொருள் நிறுவனம் இந்தச் சிக்கலைப் பணம் போட்டுத் தீர்த்தது. ஐரோப்பா, இந்தியா, ஆஸ்திரேலியா, ஜப்பான், சவுதி அரேபியா என்று வட்டாரத்துக்கு வட்டாரம் தரவு மையம் வைத்து, அந்தந்த வாடிக்கையாளரின் தகவலை அங்கேயே நிறுத்துகிறது. நிரல் எழுதும் கை தென்காசியில் இருக்கலாம். தகவல் ஐரோப்பாவை விட்டு நகர வேண்டாம். மென்பொருள் நிறுவனத்துக்கு, அதுவும் பெரியதற்கு, இது கைகூடும். ஐந்து பேர் உள்ள தணிக்கை அலுவலகத்துக்கு முடியாது. இந்தியாவின் சொந்தத் தனித்தகவல் பாதுகாப்புச் சட்டம் 2023இல் நிறைவேறி, அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளிவந்தன. அது வேரூன்றினால் ஐரோப்பாவோடு பேசுவதற்கு ஒரு பிடி கிடைக்கும்.

இந்த விதிகள் எல்லாம் சேர்ந்து என்ன செய்கின்றன? பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பு, ஓ.இ.சி.டி., 2014 முதல் நாடுகளின் சேவைக் கட்டுப்பாடுகளை அளந்து குறியீடு வெளியிடுகிறது. சட்டம், கணக்கியல் இரண்டிலும் மிகக் கட்டுப்பாடுள்ள நாடுகளின் வரிசையில் இந்தியா நிற்கிறது. விதிகளின் செலவு பெரும்பாலும் நிலையான செலவு என்பதும் கவனிக்க வேண்டியது. பத்துக் கோடி ரூபாய் வேலைக்கும் பத்து லட்சம் ரூபாய் வேலைக்கும் பதிவு, சான்று, சட்ட ஆலோசனை ஏறத்தாழ ஒன்றுதான். பெரிய நிறுவனம் அதைப் பல வாடிக்கையாளர்மேல் பரப்பிக்கொள்ளும். சிறியது முதல் வேலையிலேயே மூச்சு வாங்கும். நாட்டுக்கு நாடு விதி வேறுபடுவதும் தனிச் செலவு. இரண்டு நாடுகளில் விதி ஒரே அளவு கடுமையாக இருந்தாலும், ஒன்றில் கற்றது மற்றொன்றில் உதவாது.

ஆகவே சிறிய நிறுவனங்கள் கையெழுத்து தேவைப்படாத வழியைத் தேர்ந்தன. அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் 2008இல், பொறுப்பும் மேற்பார்வையும் தம்மிடம் இருக்கும்வரை வழக்கறிஞர் தம் வேலையை வெளியே கொடுத்துச் செய்யலாம் என்று கருத்து வெளியிட்டது. 2018 தீர்ப்பில் இந்திய உச்ச நீதிமன்றமும், சாரத்தில் சட்டத் தொழிலாக அமையாத துணைப் பணிகளைச் செய்யும் நிறுவனங்களைத் தடுக்கவில்லை. பிரிட்டனில் அக்கவுண்டன்ட் என்ற பெயரைச் சட்டம் யாருக்கும் ஒதுக்கி வைக்கவில்லை. தணிக்கை போன்ற சில பணிகளுக்குத்தான் பதிவு வேண்டும். கணக்கெழுதுவது, சம்பளப் பட்டியல் போடுவது, வரிப் படிவத்தை வரைவாகத் தயாரிப்பது, ஒப்பந்தங்களைப் படித்துப் பிரிப்பது, கட்டட வரைபடத்தைக் கணினியில் ஏற்றுவது ஆகிய வேலைகள் சென்னையிலும் கோவையிலும் செழித்ததற்குக் காரணம் இந்த இடைவெளிதான். வேலையின் பெரும் பங்கு இங்கே நடக்கிறது. கடைசித் தாளில் கையெழுத்து லண்டனிலோ டாலஸிலோ விழுகிறது. வாடிக்கையாளர் கொடுக்கும் தொகையில் பெரும் பங்கும், தவறு நேர்ந்தால் வரும் பொறுப்பும் அந்தக் கையெழுத்தோடு போகின்றன.

புளியங்குடி அளவிலான ஊரில் இருக்கும் ஓர் ஆடிட்டர் அலுவலகத்துக்கு இன்றைய விதிகளின்படி திறந்திருக்கும் பாதைகள் மூன்று. அயல்நாட்டு அலுவலகம் ஒன்றின் துணைப் பணிகளை எடுத்துச் செய்வது முதலாவது. அதற்கு ஜி.எஸ்.டி.யில் ஏற்றுமதி உறுதிமொழிக் கடிதமும், தரவுப் பாதுகாப்பு ஒப்பந்தமும், அயல் செலாவணியில் வரவும் போதும். பங்காளிகளில் ஒருவர் அந்நாட்டுத் தேர்வை எழுதி அங்கே உறுப்பினராகி, கையெழுத்திடும் உரிமையை நிறுவனத்துக்குள் கொண்டுவருவது இரண்டாவது. இதற்குச் சில ஆண்டுகள் பிடிக்கும். துபாயிலோ சிங்கப்பூரிலோ உள்ள நிறுவனத்தோடு வலையமைப்பில் சேர்வது மூன்றாவது. பட்டயக் கணக்காளர் கழகத்தின் விதிகள் இதற்கு இடம் தருகின்றன. பெயரையும் கட்டணப் பகிர்வையும் எப்படி அமைக்கலாம் என்பதற்கு அவற்றிலேயே வரம்பும் உண்டு.